பிஸ்கட் நிறத்தில் இரண்டு பட்டைகள்

அன்புள்ள வாலுப் பெண்ணுக்கு,

நான் நலமாகவே இருக்கிறேன், முழங்கால்தான் மாடிப்படியோடு சண்டை போடுகிறது; நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். சின்ன வயதில் ஒருநாள் அம்மாவின் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, இப்ப சுவத்துக் கலர் எங்கப்பா போச்சு என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? நான் வாத்தியாராயிற்றே, ஒளி இல்லாவிட்டால் நிறம் இல்லை என்று பாடம் எடுத்தேன். உன் அம்மாதான், அது எங்கயும் போகலடி, நமக்குத்தான் தெரியல, பேசாம தூங்கு என்று முடித்துவைத்தாள்.

அந்த அறைக்குத்தான் இப்போது பெயிண்ட். அம்மா இல்லாம அந்த ரூமை அப்படியே பாக்க என்னால முடியாதுப்பா, பிஸ்கட் கலர் ஏதாவது அடிச்சிடுங்க, அப்புறம் வரேன் என்று போனில் அழுதாய். பெயிண்டர் வந்து கட்டிலுக்கு மேலே பக்கத்துப் பக்கமாக இரண்டு பட்டை தீட்டியிருக்கிறார். இரண்டும் பிஸ்கட் நிறம்தான், காலையில் ஒன்று பிடிக்கிறது, மாலையில் மற்றது. சார், நீங்க பாத்து முடிக்கிறதுக்குள்ள ரெண்டும் பழசாகி மூணாவது கலர் வந்துரும் என்கிறார். என் வகுப்பில் இரட்டையர் இருவர் படித்தார்கள், ஒருவன் வராத அன்றுதான் மற்றவன் முகம் எனக்குப் பிடிபட்டது. அதுபோல ஒன்றை மூடிப் பார்க்கலாம் என்று கட்டிலில் ஏறி உட்கார்ந்து கையை வைத்தேன். அப்போதுதான் பட்டைகளுக்குக் கீழே, அம்மா சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்த இடத்தில், அவள் தலையெண்ணெய் படிந்த வட்டம் கண்ணில் பட்டது. அதைச் சுரண்டாம அடிச்சா எண்ணெய் மேல வந்துரும் சார் என்றார் பெயிண்டர். நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். இன்றும் அதையேதான் சொன்னேன். நிறம் பிடிபடாததால் இல்லை கண்ணு, எந்த நிறத்தைச் சொன்னாலும் அந்த வட்டம் போய்விடும், அதனால்தான். ஆனாலும் அடிக்கத்தான் போகிறேன். சுவரைக் காப்பாற்றிக்கொண்டு உன்னைப் பார்க்காமல் இருக்க என்னால் ஆகாது.

எதை அடிப்பது என்று மட்டும் நீ சொல்லிவிடு. இரண்டையும் அட்டைத் துண்டுகளில் தடவி இதோடு வைத்திருக்கிறேன். இருவரும் குறையில்லாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழுங்கள். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. அட்டைகளை உன் படுக்கைக்கு மேலே சுவரில் ஒட்டி, விளக்கை அணைத்துவிட்டு, அம்மா மாதிரி சுவரில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்.

உன் அப்பா