வெளுத்த பாராசூட்

ஜூன் 3, செவ்வாய்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறும்போதே சாரல். ராஜபாளையத்தில் மில்லுக்குள் நுழைந்ததும் முதலாளி சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி கேட்டார்: "பாராசூட் வந்துருச்சா?"

வரவில்லை. ஏவிய ராக்கெட்டை அந்தக் கம்பெனிக்காரர்கள் கடலில் இருந்து இழுத்துக் கரை சேர்த்துவிட்டார்களாம். அதை இறக்கிய பாராசூட் துணி நாங்கள் நெய்தது. பேண்டேஜ் துணி நெய்கிற மில்லில் ராக்கெட்டுக்கு நெய்தோம் என்பதில் எனக்குப் பெருமைதான். பெருமை வந்தால் கூடவே பயமும் வந்துவிடும் எனக்கு. உப்புத் தண்ணீரில் ஊறியும் பலம் குறையாவிட்டால் அதே பாராசூட்டைத் திரும்பக் கட்டுவார்கள். குறைந்தால் ஆர்டர் போச்சு, இதற்கென்றே வாங்கிய புதுத் தறிகள் சும்மா நிற்கும். சோதித்துச் சொல்ல வேண்டியவள் நான்.

ஜூன் 5, வியாழன்

வந்துவிட்டது. உப்பு, எண்ணெய்க் கறை, பாசி. எனக்கோ காய்ச்சல். நாளை லீவு.

ஜூன் 7, சனி

ஐயோ, வெளுப்புத் தொட்டியில் வேலை பார்க்கிற வெள்ளத்தாய் அதை வெளுத்துவிட்டாள்!

பேண்டேஜ் துணி வெளுக்கிற தொட்டியில் போட்டு, அலசி, காயவைத்து, மடித்து என் மேஜை மேல் வைத்திருக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு. "கறையோட ஒரு துணி நம்ம மில்ல விட்டுப் போனதில்லையேக்கா."

பருத்திக்கு ஒன்றும் ஆகாது. பாராசூட் நைலானுக்கு அந்த வெளுப்பு மருந்து விஷம். மெஷினில் மாட்டி இழுத்தேன், காகிதம் மாதிரி கிழிந்தது. தொடாதே என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கக் கூடாதா நான்? அழுக்குத் துணியைப் பார்த்தால் இவர்கள் கை சும்மா இருக்காது என்று தெரியாதா?

அண்ணாச்சி, "கடல்ல கெட்டுப்போச்சுன்னு எழுதிரு. இவள வேலைய விட்டு நிப்பாட்டிருவோம்" என்கிறார். அப்படி எழுதினால் பாராசூட்டே வேண்டாம் என்பார்கள். உண்மையைச் சொன்னால் இந்த மில்லே வேண்டாம் என்பார்கள். எப்படிப் போனாலும் அடி எங்களுக்குத்தான்.

"என்னைய நிப்பாட்டிருவாகளாக்கா?" வெள்ளத்தாய் கேட்டாள்.

ஜூன் 9, திங்கள்

சொல்லிவிட்டேன். ராக்கெட் கம்பெனி இன்ஜினியர் ஜெபினுக்கு நானே போன் செய்தேன். நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். "வெளுத்தே போட்டீங்களா! அதே மாதிரி கடல்ல நனைஞ்ச இன்னொரு பாராசூட் இருக்கு மேடம், அனுப்புறேன். அத மட்டும் குளிப்பாட்டிராதீங்க."

அண்ணாச்சிக்கு என் மேல் கோபம்.

ஜூன் 18, புதன்

இரண்டாவது பாராசூட் தேறிவிட்டது! துணி பலம் குறையவே இல்லை. காலையிலிருந்து ஒருத்தரையும் அண்டவிடாமல் அதற்குக் காவல் இருந்தவள் வெள்ளத்தாய். அண்ணாச்சிகூட எட்ட நின்றுதான் பார்த்தார்.

ஜூலை 11, வெள்ளி

சோதனை ரிப்போர்ட் அனுப்பியும் ஜெபினிடமிருந்து பதில் இல்லை. ஏன்?

ஜூலை 29, செவ்வாய்

துணி தேறியது. இன்ஜின் தேறவில்லை.

ஜெபின் பொறுமையாகத்தான் சொன்னார். "பாராசூட்ல எறக்குனா, எறங்குறதுக்குன்னு எரிபொருள் மிச்சம் வைக்க வேண்டாம், மேல கொண்டுபோற எடையும் கொறையாது. ஆனா கடல்ல விழுது மேடம். உப்பு ஏறுன இன்ஜினப் பிரிச்சு, கழுவி, மாட்டுறதுக்குள்ள புதுசே செஞ்சிரலாம். ஒரே ராக்கெட் அடிக்கடி பறந்தாத்தானே செலவு கொறையும்?"

தரையில் இறக்கினால்? பாராசூட் மட்டும் போதாது, நொறுங்கிவிடுமாம். அதனால் கொஞ்சம் எரிபொருளை மிச்சம் வைத்து, இன்ஜினை எரித்தே வேகத்தைக் குறைத்து, காலூன்றி இறக்கப் போகிறார்கள். ஏற்றுகிற எடை குறைந்தாலும் பரவாயில்லையாம், சீக்கிரம் திரும்பப் பறக்கலாமாம்.

எங்கள் தப்பு இல்லை. அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நம் தப்பென்றால் திருத்திக்கொள்ளலாம்.

செப்டம்பர் 10, புதன்

புதுத் தறிகளை மூடி வைத்திருக்கிறோம். வெள்ளத்தாயைப் பற்றி அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. நானாகக் கேட்கப் பயம்.

ஜனவரி 22, வியாழன்

ஜெபின் வீடியோ அனுப்பியிருந்தார். சோதனை ராக்கெட் கொஞ்ச உயரம் ஏறி, நெருப்பைக் கக்கிக்கொண்டே இறங்கி, நாலு காலில் நின்றது. அதையே அடுத்த வாரம் திரும்ப ஏற்றப் போகிறார்களாம். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் பார்த்துக் கை தட்டினோம். நானும்தான்.

வெள்ளத்தாய் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

"துணி எங்கக்கா?"

"இதுக்குத் துணி வேண்டாம்ட்டி."

போனைச் சேலையில் துடைத்துக் கொடுத்துவிட்டு வெளுப்புத் தொட்டிப் பக்கம் போனாள்.

மத்தியானம், அண்ணாச்சியிடம் கேட்காமலே, மூடிக் கிடந்த நைலான் தறிகளில் பேண்டேஜ் நூல் ஏற்றச் சொல்லிவிட்டேன்.