ஜப்பானிலிருந்து வந்த உன் பாட்டில்

இன்று காலை உன் பாட்டிலைத் திறந்தேன். ஒரு வருஷமாக ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், கறிவேப்பிலைப் பைக்குப் பின்னால் படுத்துக் கிடந்தது. மூடியைத் திருகியதும் பழைய சோற்று நீச்சத்தண்ணியும் பூவன் பழமும் கலந்த அந்த வாசம் வந்தது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த வாசம் இன்னதென்று கண்டுபிடித்துச் சொன்னவள் நீதான். மகளின் பிரசவத்துக்காக ஒசாகா போயிருந்தோமே, அப்போது ஒரு நாள் குழந்தையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, மகள் நம்மை சாக்கே செய்யும் இடத்துக்கு ரயிலில் கூட்டிப்போனாள். அரிசியில் செய்கிற மது என்று அவள் சொன்னதுதான் தாமதம், ஆத்தூர் ரைஸ் மில்காரர் மகளான உனக்கு ஆவல் வந்துவிட்டது. அங்கே தீட்டிய அரிசியை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாய். ஜவ்வரிசி மாதிரி உருண்டையாக இருந்தது.

"பாதி அரிசியத் தவுடாக்கிப்புட்டாங்களே! எங்கப்பா பாத்தா நெஞ்சப் புடிச்சுக்குவாருங்க" என்றாய்.

பிறகு ருசி பார்க்கச் சின்னக் கோப்பையில் தந்தார்கள். லாரி பாடி கட்டும் பட்டறை நடத்திய காலத்தில் பிராந்தி குடித்துத் திரிந்த என்னை, மூன்று மாதம் பேசாமல் இருந்தே நிறுத்த வைத்தவள் நீ. அதனால் நான் நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நீ கோப்பையை வாங்கி முகர்ந்தாய். "நீச்சத்தண்ணிங்க. அதுல பரமத்தி வேலூருப் பூவம்பழத்த நறுக்கிப் போட்டாப்புல" என்றாய். ஒரே வாயில் குடித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நின்ற மகளிடம் கோப்பையை நீட்டினாய். "இன்னுங் கொஞ்சங் கேளு சாமி."

அதற்கப்புறம் உன்னைப் பிடிக்க முடியவில்லை. ரயில் நிலையக் கடைகளில் கண்ணாடிக் கோப்பையில் அடைத்து விற்பதை வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊருக்கு ஊர் ருசி பார்த்தாய். இது சண்டைக்காரி, இது பச்சைப்பிள்ளை, இது வாயாடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் சொன்னாய். முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தும் உன்னை நான் அப்படிப் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

இரண்டு பாட்டில் நம்மோடு நாமக்கல் வந்து சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசல் கதவைச் சாத்திவிட்டு, வறுத்த கடலையோடு ஆளுக்கு அரை டம்ளர் குடித்தோம். வெந்நீரில் வைத்துச் சூடாக்கியும் பார்த்தாய். சில்லென்று இருந்தால்தான் பூவன் பழம் வருகிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாய். முதல் பாட்டில் தீரப்போகும் சமயத்தில் என் அக்கா, உன் நங்கையா, தயிர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

"என்ன கருமம்டா இது?"

"என்னோடதுக்கா" என்றேன், ஒரு நொடிகூட யோசிக்காமல். பேரன் எடுத்த வயசில் வெட்கமில்லையா என்று அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உன்னைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு. அவள் போனதும் நீ சிரிப்பாய் என்று பார்த்தேன். நீ சிரிக்கவில்லை.

"உங்கப்பாருக்கு வருசா வருசம் இலைல குவாட்டர் வெக்கறீங்க. செத்துங்கூட அவரு குடிக்கறாரு. எனக்குப் புடிச்சத எம்பேர்ல சொன்னா என்னங்க? ஒரு நாளைக்காச்சும், அது அவளோடதுன்னு உங்கக்காகிட்டச் சொல்லோணும்" என்றாய்.

சொல்கிறேன் என்றேன். அடுத்த மாதமே பத்து நாள் ஆஸ்பத்திரி. நீ திரும்பி வரவில்லை. இரண்டாவது பாட்டில் திறக்காமலே இருந்துவிட்டது.

இன்று உனக்கு முதல் வருஷப் படையல். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கூடப் பார்த்தேன், சிரிக்காதே. கூடத்தில் இரண்டு இலை போட்டிருந்தார்கள். உன் படத்துக்கு முன்னால் ஒன்று, வழக்கம் போல அப்பா படத்துக்கு முன்னால் ஒன்று. உன் இலையில் காபி, பணியாரம், தலை நிறைய நீ வைக்கும் மல்லிகை எல்லாம் இருந்தன. பாட்டிலோடு கூடத்துக்கு வந்தேன். அக்கா எழுந்து வந்து என் கையிலிருந்து அதை வாங்கினாள்.

"அப்பாருக்கா? நல்ல வேளைடா தம்பி, குவாட்டர் சொல்ல மறந்தே போச்சு. சரி, இந்த வருசம் சப்பான் சரக்கு குடிச்சுப் பாக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். பாட்டில் அப்பா இலைக்குப் போய்விட்டது. 'அது அவளோடதுக்கா.' இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. வாயைத் திறந்தேன். சம்பந்தி வீட்டார், பங்காளிகள், உன் தம்பி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். யாராவது ஒருவர் உன் படத்தைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று நாக்கு எழவில்லை. உன் பேர் கெட்டுவிடுமே என்றுதான் பயந்தேன் என எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அது பொய். எனக்காகத்தான் பயந்தேன். அதற்குள் கற்பூரம் காட்டிவிட்டார்கள்.

படைத்ததைப் பங்காளிகள் ஊற்றிக்கொண்டார்கள். பெரியப்பா மகன் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "என்னப்பா இது, சோத்துத் தண்ணியாட்ட இருக்குது. ஏறவே ஏறாது போல" என்று சொல்லி, பாட்டிலில் இருந்த மிச்சத்தை வாஷ் பேசினில் கவிழ்த்தார். குழாயையும் திறந்துவிட்டார். அவர் கை துடைப்பதற்காகத் துண்டை நீட்டிக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.

அப்போதுதான் அழுகை வந்தது. உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றைக்குக்கூட எனக்கு வராத அழுகை. அக்கா என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எதுக்குடா சாமி அழுவற? அப்பாரு நெனப்பு வந்துருச்சா?"

"ஆமாக்கா" என்றேன்.

எல்லோரும் கிளம்பிப் போய்விட்டார்கள். பாட்டிலைத்தான் அப்பாவுக்குக் கொடுத்தேன் என்றால், உனக்காக வந்த அழுகையையும் அவருக்கே கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இனி எந்த முகத்தோடு உன் படத்துக்கு முன்னால் வந்து நிற்பேன், சொல்லு.