ஓடையில் வெளுத்தது

ஜூன் 3
மழையில் தெப்பலாக நனைந்து ஓடையிலிருந்து வந்தான் அண்ணன். வாளியில் ஒரு பாம்பு. தண்ணீரிலும் கரைச் சேற்றிலுமாக வாழ்கிற வகையாம். இதுவரை யார் கண்ணிலும் பட்டதில்லையாம். சோகை பிடித்தது போல வெள்ளை. "வெள்ளிக்கிழமைக்குள்ள வரைஞ்சு குடு, குட்டி. அப்புறம் கொன்னு ஸ்பிரிட் பாட்டில்ல போட்டுடுவேன்." அவன் ஆராய்ச்சி பண்ணும் பாம்புகளுக்கெல்லாம் நான்தானே படம் போடுகிறேன்.

ஜூன் 4
காலையில், பாம்பை விட்டிருந்த கண்ணாடித் தொட்டி முன் தனியாக உட்கார்ந்தேன். பாம்பு செம்பழுப்பு! நேற்று விளக்கு வெளிச்சத்தில் தப்பாகப் பார்த்திருப்பேன். மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டி என்னையே பார்த்தது. வரைந்து முடித்தேன்.

அண்ணன் வந்து படத்தைப் பார்த்தான். "கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? வெள்ளைப் பாம்பு இது."
திரும்பினேன். வெள்ளை.

ஜூன் 5
அவன் வெளியே போனதும் பழுப்பு. வராந்தாவில் அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் வால் நுனியிலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. கதவைக்கூட அவன் திறக்கவில்லை. போனில் படமெடுத்துக் காட்டினேன். "வெளிச்சம் சரியில்ல. கதை கட்டாதே."

கதையா கட்டுறேன்?

ஜூன் 6
அவனுக்குப் பயந்து மட்டும்தான் வெளுக்கிறது. எனக்கு இல்லை. சொல்ல வெட்கம்தான், ஆனால் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஜூன் 7
பாட்டிலை எடுத்து வைக்கச் சொன்னான். எடுத்துக்கொண்டு தொட்டியருகே போனேன். அவன் கிணற்றடியில் இருந்தான். அறையில் நான் மட்டும்.

வெளுத்தது. என்னைப் பார்த்து. நான் என்ன பண்ணேன் உன்னை — பாட்டில் என் கையில்தானே இருந்தது.

பாம்பை வாளியில் அள்ளிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினேன். ஓடையில் விட்டுவிட்டேன். அண்ணன் பின்னாலேயே ஓடிவந்து கத்தினான்: "எத்தனை வருஷம் இந்தக் காட்டுல நாயா அலைஞ்சேன்! நீயாடி இப்படிப் பண்ணே?"

ஜூன் 9
பேச்சில்லை. வலையோடு ஓடைக்குப் போகிறான், வருகிறான்.

ஜூன் 15
மதியம் முழங்கால்வரை ஈரத்தோடு வந்தான். வலையைக் காணோம். டீ கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அந்தப் பாம்பு ஒண்ணு மட்டும் இல்ல, குட்டி," என்றான். "வேரு, இலை, பாறை இடுக்கு... எங்க பார்த்தாலும். எல்லாம் நீ வரைஞ்ச அதே பழுப்பு."

"பிடிச்சியா?"

"தண்ணியில கால வச்சேன்." ஈரக் காலைக் குனிந்து பார்த்தான். "ஓடையே வெளுத்துப்போச்சு."

எழுந்து, காலி ஸ்பிரிட் பாட்டில்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து தாள் கிழித்துக் கொடுத்தேன்.