மாமனாருடன் ஓர் இரவு உலா

ஜூலை 8, செவ்வாய்

ஜவுளிக்கடை லிஃப்டில் கதவு உருளை மாற்றிவிட்டு வீடு வரும்போது இருட்டிவிட்டது. என் மனைவி, இவள் முகம் சரியில்லை. பரிசோதனைக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பிரசவ நாள் முந்திவிட்டதாம். அதனால் இவளுக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் போவதாக இருந்த பயணம். டிக்கெட், அறை எல்லாம் எப்போதோ எடுத்தாயிற்று.

"நீங்களும் அப்பாவும் போயிட்டு வாங்க," என்றாள்.

"நானும் மாமாவுமா?"

"ஏன், அவர் என்ன உங்களைக் கடிச்சா வெச்சிடுவாரு?"

கடிக்க மாட்டார்தான். பேசவும் மாட்டாரே. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை போன பிறகு மூன்று வருஷமாக எங்களோடு இருக்கிறார். தினமும் எங்களுக்குள் நடக்கும் பேச்சு இதுதான்: "வந்துட்டீங்களா?" "வந்துட்டேன் மாமா." "வெயில் ஜாஸ்தி." "ஆமா மாமா." அதோடு டி.வி.யை அணைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விடுவார். என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லையோ என்று பல நாள் தோன்றியிருக்கிறது. கேட்கிற விஷயமா இது?

ஜூலை 17, வியாழன்

வந்து சேர்ந்தோம். ஒரே அறை, இரண்டு கட்டில், நடுவில் ஒரு மேஜை விளக்கு. அதை யார் அணைப்பது என்று இருவருக்கும் தயக்கம். கடைசியில் எரிந்துகொண்டே இருந்தது.

இவள் மாமாவின் மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். காலையில், மதியம், ராத்திரி என்று போன் வேறு. "அப்பாவ ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க." சரி.

ஜூலை 18, வெள்ளி

இன்று மொத்தமாகப் பேசியது: "குடை எடுத்துக்கலாமா?" "வேணாம்." மழை பெய்தது.

ஜூலை 19, சனி, சாயங்காலம்

நான் குளித்துக்கொண்டிருந்தபோது மாமா கீழே போய் எங்கள் இருவர் பேரிலும் இரவு உலா ஒன்றுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஊரை நடந்தே சுற்றிக் காட்டுவார்களாம். வரவேற்பு மேஜைப் பையன் "நிச்சயமா வர்றீங்களா சார்?" என்று இரண்டு தடவை கேட்டானாம். "நடக்கறதுக்கு எனக்கென்னய்யா கஷ்டம்?" என்றாராம் இவர். பையனுக்கு வயதைப் பார்த்துச் சந்தேகம் போலிருக்கிறது.

மணிக்கூண்டு, பழைய பாலம் என்று விளக்குப் போட்டுக் காட்டுவார்களாக இருக்கும். கால் வலிக்கிறது. செருப்பே போட்டுக்கொண்டு போகிறேன்.

ஜூலை 20, ஞாயிறு, மதியம்

தலை பாரமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும், விட்டால் கனவென்று நானே நினைத்துக்கொள்வேன்.

சொன்ன இடத்துக்குப் போனால் எல்லாம் இளசுகள். விளக்கு மின்னும் குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு உயரமாக ஒரு பெண். அவள்தான் வழிகாட்டி. எல்லோர் கையிலும் ஆரஞ்சு நிறக் காகிதப் பட்டை ஒட்டினாள். மாமா கையிலும். பிறகு சொன்னாள்: "மூணு பார், கடைசியா ஒரு நைட் கிளப். ஒவ்வொரு இடத்துலயும் முதல் கிளாஸ் நாங்க தர்றது. யாரும் தனியாப் பிரிஞ்சு போகாதீங்க. வழி தெரியலன்னா இந்தக் குடையைத் தேடுங்க."

மாமாவை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"மாமா, தப்பா சொல்லிட்டோம் போல. இது பார் பாரா கூட்டிட்டுப் போற உலா. திரும்பிப் போயிடலாம்."

"அந்தப் பொண்ணு சொன்னது எனக்கும் கேட்டுது. காது நல்லாத்தான் இருக்கு." கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "ஒட்டிட்டாங்களே மாப்பிள்ளை. இனிமே என்ன?"

முதல் பார் நிலவறையில் இருந்தது. தாழ்ந்த கூரை; பீப்பாய்களைக் கவிழ்த்து மேஜையாக்கியிருந்தார்கள். மஞ்சளாகப் புளிப்பாக ஏதோ ஒன்றைச் சின்னக் கிளாசில் கொடுத்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் நான் எதையும் தொடாத மாப்பிள்ளை. கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன், பிரசாதம் மாதிரி.

"நீங்க எடுத்துப்பீங்களா?" என்றார்.

"இல்ல மாமா. எப்பவாவது... கம்பெனி பார்ட்டின்னா..."

"எப்பவாவதுன்னா? சம்பளம் வந்த சனிக்கிழமை வாயெல்லாம் ஏலக்காய் மணக்க வர்றீங்களே, அதுவா?"

பூமி பிளக்கவில்லை. அவர் கிளாசை ஒரே மடக்கில் கவிழ்த்துவிட்டு, "இருமல் மருந்து மாதிரி இருக்கு. பரவால்ல," என்றார். நானும் குடித்தேன். இத்தனை வருஷம் நான் கடித்துத் துப்பிய ஏலக்காய்க்கெல்லாம் என்ன அர்த்தம் என்று யோசித்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். "நான் மட்டும் என்ன? உங்க அத்தை இருந்த வரைக்கும் துளசி மென்னுட்டுத்தான் வீட்டுக்குள்ள போவேன்."

இரண்டாவது பார் மொட்டை மாடியில். அங்கிருந்து இறங்கி மூன்றாவது இடத்துக்குப் பெரிய சாலை ஒன்றைக் கடக்க வேண்டும். கூட்டம் சிதறிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் கடைசிக் கூத்து என்று வந்திருந்த நண்பர் கும்பல் ஒன்று நடைபாதையில் உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிட்டது. குடைப்பெண் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனாள். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரே குரல்:

"ரெண்டு ரெண்டா நில்லு."

நின்றார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எங்களோடு சம்பந்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்த ஓர் ஆளும் வரிசையில் வந்து நின்றார். எல்லோரும் ஒழுங்காகச் சாலையைக் கடந்தோம். "மாஸ்டர், நீங்க தினமும் வாங்களேன்," என்றாள் குடைப்பெண். அதற்கப்புறம் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். மூன்றாவது பாரில் அவருக்கு நாற்காலி பிடித்து வைத்திருந்தார்கள். பீர் ஒன்று வாங்கி மெதுவாகக் குடித்தார். அங்கே எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

கிளப் வாசலில்தான் வம்பு. அலமாரி மாதிரி அகலமாக ஒரு காவலாளி. என் காலைப் பார்த்தார். "செருப்பு போட்டவங்களுக்கு அனுமதி இல்ல சார்." மாமா எப்போதும் போல வெள்ளைக் கான்வாஸ் ஷூ. நான் அப்பாடா என்று, "சரி மாமா, கிளம்பலாம்," என்றேன்.

"நீங்க இங்கயே நில்லுங்க. நான் ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துடறேன்."

உள்ளே போய்விட்டார். நிஜமாகவே போய்விட்டார்.

நடைபாதையில் நின்றேன். ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாதே என்று சொன்னவள் அந்த நேரம் பார்த்துப் போன் செய்தாள்.

"தூங்கலயா? அப்பா தூங்கிட்டாரா?"

"இல்ல, உள்ள இருக்கார்."

"எதுக்குள்ள?"

"உள்ள... ஒரு நிகழ்ச்சி."

"என்னங்க, ஏதோ இடிக்கிற சத்தம் கேக்குது?"

"அதான் நிகழ்ச்சி."

காவலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வைத்ததும் உள்ளே போய் ஒரு ஜோடி கறுப்பு ஷூ கொண்டுவந்தார். இந்த மாதிரி ஆட்களுக்கென்றே வைத்திருப்பார்களாம். "பெரிய சைஸ்தான் இருக்கு. மாமனாரா? போங்க, போங்க."

வாத்து மாதிரி தத்தித் தத்தி உள்ளே போனேன். சத்தம் காதில் விழவில்லை, விலாவில் விழுந்தது. நீல வெளிச்சம், புகை. மயங்கி விழுந்திருப்பாரோ? கழிப்பறையில் பார்த்தேன். படிக்கட்டில் பார்த்தேன். இவளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று வாக்கியம்கூடத் தயார் பண்ணிவிட்டேன்.

ஒரு தூண் பக்கத்தில் இருந்தார். இரண்டு காதிலும் டிஷ்யூ காகிதம். கண் பாதி மூடியிருந்தது. தோளும் முழங்காலும் மட்டும் லேசாக அசைந்தன. பாட்டின் தாளத்துக்கு அல்ல, வேறேதோ சாவகாசமான தாளத்துக்கு. என்னைப் பார்த்தார், நிறுத்தவில்லை. எனக்குக் கூச்சம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் நானும் ஆடினேன். ஷூ டப் டப்பென்று தரையில் அடித்தது.

ஜூலை 20, ஞாயிறு, ராத்திரி

மாட்டிக்கொண்டோம். யார் நம்பர் கேட்டாலும் மாமா தன் மகள் நம்பரைத்தான் கொடுப்பார், பழக்கம். உலாக் கம்பெனிக்காரர்கள் அந்தப் படத்தை நேராக இவளுக்கே அனுப்பிவிட்டார்கள். மாமா கிளாசை உயர்த்திப் பிடித்திருக்கிறார். நான் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு.

போன் வரும் என்று இருவரும் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தோம், தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்பது போல. போன் வரவில்லை. ஒரு செய்தி மட்டும் வந்தது: "அப்பா சிரிக்கறார்." அவ்வளவுதான். அது திட்டா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

ஜூலை 21, திங்கள்

காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே மாமா சொன்னார்: "ஒண்ணு சொல்லணும் மாப்பிள்ளை. வந்த நாளா சொல்லப் பாக்கறேன்."

கூட வேலை பார்த்த டிராயிங் மாஸ்டர் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறாராம். அவருக்குப் பக்கத்து அறை காலியாம். அங்கே போய் இருக்க வேண்டுமாம் இவருக்கு.

"நாங்க என்ன குறை வெச்சோம் மாமா?"

"குறை ஒண்ணும் இல்ல. அதான் கஷ்டமே." ரொட்டியைக் கீழே வைத்தார். "அந்தச் சத்தத்துல நின்னேன்ல? ஒருத்தரும் என்னை ஒண்ணும் கேக்கல. சாப்பிட்டியா, தூங்கினியா, ஏன் இருமறே, எங்க போறே... யாரும் கேக்கல. எவ்வளவு நாளாச்சு தெரியுமா அப்படி நின்னு."

"என்னால உங்களுக்கு ஏதாவது..." கேட்டேவிட்டேன். "நான் வந்தாலே எந்திரிச்சுப் போயிடறீங்களே."

ஆச்சரியமாகப் பார்த்தார். "நாளெல்லாம் லிஃப்ட் பொந்துக்குள்ள தொங்கிட்டு வர்ற மனுஷன். சோபா காலியா இருக்கட்டும்னு போவேன். நீங்க நான் பாக்கற கிரிக்கெட்ட பாக்க மாட்டீங்களேன்னு அணைப்பேன்."

நான் கிரிக்கெட் பார்ப்பேன். தனியாகப் பார்ப்பேன், சத்தத்தைக் குறைத்துவைத்து, அவருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று.

"நீங்கதான் அவகிட்ட சொல்லணும்," என்றார். "நான் சொன்னா அழுவா. நீங்க சொன்னா சண்டை போடுவா. சண்டைன்னா சமாளிச்சுடலாம்."

ராத்திரி: அவர் தூங்குகிறார். எனக்குத் தூக்கம் வரல. கோவமா வருது. யார் மேல? மூணு வருஷம் வாயே திறக்காத மனுஷன், இப்பத்தான் ரெண்டு நாளா பேசறார், அதுக்குள்ள போறேங்கறார். போகட்டும்னு சொல்ல வாய் வரல. இருக்கச் சொல்லவும் நான் யாரு? — அவர் கேட்டதுல தப்பில்லையே. தனக்குன்னு ஒரு அறை, அவ்வளவுதான். அதையும் மககிட்ட சொல்லாம முதல்ல என்கிட்டத்தானே சொன்னார்.

விளக்கை இன்று நான்தான் அணைத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

ரயிலில் சீட்டாடினோம். கள்ளாட்டம் ஆடுகிறார்.

ஜூலை 24, வியாழன்

சொல்லிவிட்டேன். எதிர்பார்த்தபடி சண்டை. "குடிக்கக் கூட்டிட்டுப் போயி எங்கப்பா மனசையே மாத்திட்டு வந்துட்டீங்க." நானா கூட்டிக்கொண்டு போனேன்? அதைச் சொன்னால் இன்னும் மோசமாகும், விட்டுவிட்டேன். "ஊர்ல என்ன சொல்லுவாங்க? பொண்ணு அப்பாவ விரட்டிட்டான்னு சொல்ல மாட்டாங்களா?" சொல்வார்கள்தான்.

மாமா உள்ளே ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார். கோழை.

ஜூலை 27, ஞாயிறு

இவள் இன்னும் பேசவில்லை. ஆனால் சமையலறையில் போனை வைத்துக்கொண்டு நின்றாள். எட்டிப் பார்த்தேன். அந்தப் படம்தான். விரலால் பெரிதாக்கி அப்பா முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா போனதுக்கப்புறம் இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல," என்றாள். "நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

"நீ ஒரு தப்பும் பண்ணல."

"அப்பறம் ஏன்?"

மாமா சொன்னதையே சொன்னேன், ஒருத்தரும் ஒன்றும் கேட்காமல் நின்றதை. ரொம்ப நேரம் பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அறையை நான் பாக்கணும்," என்றாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அறையைப் பார்த்தாள். குழாயைத் திறந்து மூடினாள். தாழ்ப்பாளை இழுத்தாள். ஜன்னலிலிருந்து கீழே எட்டிப் பார்த்தாள். டிராயிங் மாஸ்டரை நிற்கவைத்து, ராத்திரி குறட்டை விடுவாரா, அடுப்பை அணைக்க மறப்பாரா என்று விசாரித்தாள். பாவம், அவர் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார். மாமா எனக்குக் கண்ணைக் காட்டினார்.

கடைசியில், "சுவருக்கு வெள்ளையடிக்கணும்," என்றாள். அதுதான் சம்மதம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கட்டில், ரேடியோ, இரண்டு பெட்டி. நானும் டிராயிங் மாஸ்டரும் தூக்கினோம். அந்த வீட்டில் லிஃப்ட் இல்லை. இவள் அழவில்லை, வீட்டுக்கு வந்து, காலியான அறையைப் பெருக்கும்போது அழுதாள். நான் போய்க் கூட உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

வேலை முடிந்து வரும் வழியில் மாமாவுக்குக் குழம்பு கொடுத்துவிட்டு வரச் சொன்னாள் இவள். மாடி ஏறிக் கதவைத் தட்டினேன். உள்ளே நாலைந்து பேர் சேர்ந்து சிரிக்கும் சத்தம்; யாரோ ஒரு பெண்மணியின் குரல்கூடக் கேட்டது. மாமா கதவைப் பாதிதான் திறந்தார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருந்தார். விரலில் பச்சைப் பெயிண்ட்.

"அடடே, மாப்பிள்ளை. இப்ப உள்ள ஆளுங்க இருக்காங்களே. ஞாயித்துக்கிழமை வாங்க, சாவகாசமா பேசலாம்."

பாத்திரத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். கொஞ்ச நேரம் படிக்கட்டிலேயே நின்றேன். உள்ளே மறுபடி சிரிப்பு.

"உங்களை உள்ளயே விடலையா?" என்றாள் இவள்.

"விடல."

கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஞாயிறு போக வேண்டும். போகும் முன் போன் பண்ணி, வரலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.