மேட்டு விரிசல்

மேட்டு வீடு, திருவக்கரை வழி
6.10.2024

அன்புள்ள தம்பி சவுரிராயனுக்கு,

மரியே வாழ்க. நானும் உன் மாமாவும் நலம். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

மேட்டுக்குக் கீழே உன் பாகத்தில் காண்ட்ராக்டர் ரஞ்சித்தைச் செம்மண் வெட்ட விட்டிருக்கிறாய். உன் நிலம், உன் இஷ்டம். ஆனால் அவன் படிப்படியாகச் சரித்து வெட்டாமல், சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டிக்கொண்டே எங்கள் வீட்டை நோக்கி வருகிறான். மேட்டைத் தாங்குவதே அந்த அடிமண்தான். விளிம்பில் வேரோடிப் பிடித்துக்கொண்டிருந்த பூவரசையும் பிடுங்கிவிட்டான். இப்போது மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தரையில் நீளமாக ஒரு விரிசல் விட்டிருக்கிறது. மழைத்தண்ணீர் அதில் இறங்கினால் மேடு சரியும், வீடும் கூடவே போகும். வெட்டுவதை நிறுத்தச் சொல் தம்பி. எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா லூசியா


திண்டிவனம்
14.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ரஞ்சித்தைக் கேட்டேன். "வெயில்ல வெடிச்ச மண்ணு சார், எல்லா மேட்லயும் இருக்குது. அவங்க சும்மா பேஜார் பண்ணிக்கினு இருக்காங்க" என்கிறான்.

பாகம் பிரித்தபோது வீட்டோடு மேல்பகுதி உனக்கு, கீழ்ப்பகுதி எனக்கு என்று ஆயிற்று. அன்றிலிருந்தே மாமாவுக்கு என் பாகத்தின் மேல் ஒரு கண். போன மாதம் தாலுகா ஆபீசில் எனக்கு எதிராக யாரோ மொட்டை மனு போட்டிருக்கிறார்கள். பெயர் இல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? அது பலிக்கவில்லை என்றதும் இப்போது விரிசல் வந்துவிட்டது. மாமா கையில் கடப்பாரை இருக்கும்போது விரிசலுக்கா பஞ்சம்? கோபித்துக்கொள்ளாதே, மனதில் பட்டதைச் சொன்னேன்.

இப்படிக்கு,
சவுரிராயன்


மேட்டு வீடு
5.11.2024

அன்புள்ள தம்பிக்கு,

அந்த மனுவை நான் போடவில்லை. போட்டிருந்தால் பெயரெழுதித்தான் போட்டிருப்பேன், என்னைத் தெரியாதா உனக்கு? உன் மாமா கடப்பாரையைத் தொட்டது தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட ஒரு வாய்க்கால் வெட்டத்தான். விரிசலில் களிமண் அடைத்து, மேலே தார்ப்பாயும் விரித்து வைத்தார். அப்படியும் அது அகலமாகிக்கொண்டே போகிறது.

கல்லறைத் திருநாளுக்காவது வருவாய் என்று காத்திருந்தேன். சாயங்காலம் மெழுகுவர்த்தியோடு நான் போனபோது அப்பா அம்மா கல்லறையில் உன் மாலை இருந்தது. அக்காவைப் பார்க்காமலே போய்விட்டாய்.

மறுநாள் இன்னொன்றும் பார்த்தேன். விரிசலுக்கு இரண்டு பக்கமும் இரும்பு முளை அடித்து, நடுவில் கட்டுக்கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தது. ரஞ்சித் ஆட்களின் வேலைதான். அதுவரைக்கும் வெட்டப்போகிறோம் என்று எங்கள் மண்ணிலேயே அடையாளம் வைக்கிறார்கள்! ஆத்திரத்தில் பிடுங்கிக் கிணற்றில் எறிந்துவிட்டேன். இதெல்லாம் உனக்குத் தெரிந்துதான் நடக்கிறதா?

அக்கா லூசியா


திண்டிவனம்
12.11.2024

அக்கா,

கம்பி கட்டியது நான்தான். ரஞ்சித் சொல்வதையும் நம்பவில்லை, நீ சொல்வதையும் நம்பவில்லை. விரிசல் நிஜமாகவே அகலமானால் கம்பி அறுந்துவிடும். அறுந்திருந்தால் அன்றைக்கே வெட்டை நிறுத்தியிருப்பேன். அது அறாது என்று தெரிந்துதானே பிடுங்கினாய்? ரஞ்சித்தின் அடையாளம் என்று நினைத்தாயாம். இதை நான் நம்ப வேண்டுமா?

கல்லறையிலிருந்து நேராக அங்கேதான் வந்தேன். கொட்டகைக்குப் பின்னால் நான் முளை அடிக்கும்போது நீ வாசலில் காயும் வேர்க்கடலைக்கு வந்த ஆட்டைத் திட்டிக்கொண்டிருந்தாய். "மல்லாட்டைல வாய் வெச்சினா கால ஒடச்சிருவேன்" என்று உன் குரல் நன்றாகக் கேட்டது. கண்ணில் படாமல் திரும்பிவிட்டேன்.

வெட்டு நடக்கும். இனி இதைப் பற்றி எழுதாதே.

சவுரிராயன்


வளவனூர்
6.12.2024

சவுரிராயனுக்கு,

மேடு போய்விட்டது. ரஞ்சித் சொல்லியிருப்பான். அவன் மெஷின் பாதி மண்ணுக்குள் கிடக்கிறதே!

புயல் மழை ஆரம்பித்த அன்று, சமையலறைக் கதவு நிலையில் சிக்கிக்கொண்டு மூட வரவில்லை. தரை நகர்கிறது என்று புரிந்துவிட்டது. மாட்டையும் ஆட்டையும் ஓட்டிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு இறங்கிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கொட்டகை, கிணறு, வீடு எல்லாம் ஒன்றாகச் சரிந்து உன் பாகத்தில் கிடந்தது. நீயும் நானும் பிறந்த அறைதான் முதலில் போயிருக்கிறது. வேலை நாளாக இருந்திருந்தால் கீழே எத்தனை பேர் செத்திருப்பார்கள்! இப்போது உன் மாமாவின் தங்கை வீட்டில் இருக்கிறோம்.

கம்பி அறுந்திருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று எழுதினாய். நிறுத்தியிருப்பாயா? இதை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் நீ சொன்னால் நம்பிவிடுவேன்.

நான்கு நாளாக என் போனில் உன் பெயர் வந்துகொண்டே இருக்கிறது. எடுக்க மனம் வரவில்லை.

அவ்வளவு தூரம் மேடேறி வந்தவன், என் குரலையும் கேட்டவன், கதவைத் தட்டி "எங்கேக்கா வெடிப்பு, காட்டு" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கையைப் பிடித்து நானே கூட்டிப்போய்க் காட்டியிருப்பேன். இனிமேல் நீ வந்தாலும் தட்டுவதற்கு அங்கே கதவு இல்லை.

லூசியா