தலைமாட்டுக் கல்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
12.11.1983

அன்புள்ள மகன் ராமலிங்கத்துக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம், நீ விசாரித்து எழுதிய கூடத்துத் தரைச் சலவைக்கல்லும் சுகம். நீயும் மருமகளும் பேரப்பிள்ளையும் பிரான்சு குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வீராம்பட்டினத்தாளை வேண்டிக்கொள்கிறேன்.

உன் மச்சான் சக்கரபாணி லீவில் வந்தவர், உன் கடிதத்தையும் இரண்டு டின்னையும் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கெல்லாம் லீவு கிடைக்கிறது, உன் அப்பா போன தந்தி வந்தும் உனக்குத்தான் கிடைக்கவில்லை. பிரித்துப் படித்தேன், முழுக்கக் கல்லைப் பற்றித்தான். எலுமிச்சம்பழச் சாறு படக்கூடாது, புளித்தண்ணீர் பட்டால் பளபளப்பு போய்விடும், சோப்புத்தூள் போடாதே, துடைத்த ஈரம் நிற்கக்கூடாது. நீ கல் போட்ட நாளிலிருந்து நான் அப்படித்தானப்பா செய்கிறேன். ரசம் சிந்திவிடும் என்று பயந்து அடுப்பங்கரைச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துதான் நானும் உன் அப்பாவும் சாப்பிட்டோம். மில்லில் நின்று நின்று கால் வீங்கின மனுஷன், உன் கல்லில் கால் நீட்டிப் படுத்தது செத்த பிறகுதான்.

தலைமாட்டில் வைத்த விளக்கைக் கருமாதி வரைக்கும் அணையாமல் பார்த்துக்கொண்டேன், எண்ணெய் வழிந்து கல்லுக்குள் இறங்கி வட்டமாகக் கறை நின்றுவிட்டது என்று போன கடிதத்தில் எழுதினேனே, அது அப்பாவைக் கிடத்தின இடம் உனக்குத் தெரியட்டும் என்றுதான். நீ கறையெடுக்க மருந்து அனுப்பியிருக்கிறாய். தையில் மாமனார் வீட்டாரோடு நீ வரும்போது கூடம் அசிங்கமாக இருக்கக்கூடாதாம். நல்லா இருக்கிறதடா நியாயம்.

கல் போட்ட கோவிந்தராசுவையே கூப்பிட்டுக் காட்டினேன். சாக்குக்கட்டிப் பொடியை ஒரு டின் மருந்தில் குழைத்து அப்பிவிட்டால் கல் குடித்த எண்ணெயை அது இழுத்துவிடும், காய்ந்ததும் இன்னொரு டின்னைப் பூசிடலாம், கறை இருந்த இடமே தெரியாதுக்கா என்றான். பொடியைக் குழைத்தும் விட்டான். எனக்கு எங்கிருந்துதான் ஆங்காரம் வந்ததோ, கரணையைப் பிடுங்கிக்கொண்டேன். மழை விட்டு ஈரம் காய்ந்த பிறகு மற்ற கல்லெல்லாம் பூசிவிட்டுப் போனான், கண்ணாடி மாதிரி இருக்கிறது, உன் மாமனார் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். அந்த ஒரு கல்லை மட்டும் நான் தொட விடவில்லை.

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். பாவம், கல்லை ஏன் சொல்லவேண்டும், அது எண்ணெயையாவது குடித்தது. அந்த இரண்டாவது டின்னைப் பூசினால் அப்புறம் எதுவுமே உள்ளே இறங்காது என்று எழுதியிருக்கிறாய். அப்படி ஒன்றை நான் ஏற்கெனவே பெற்று வைத்திருக்கிறேன்.

நீ வந்திருக்கும்போதே அப்பாவுக்குத் தலைத் திவசம் வருகிறது. அதே கல்லில்தான் விளக்கேற்றுவேன், எண்ணெய் வழியத்தான் வழியும். மாமனாருக்கு எதிரில் உனக்கு வெட்கமாக இருந்தால் வெளியே போய் நில், இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து திரியைத் தூண்டு. பேரப்பிள்ளைக்கு என் முத்தம். எங்கே இருந்தாலும் நீங்கள் மூவரும் நன்றாக இருக்கவேண்டும், வயிறு எரிந்தாலும் வாய் அதைத்தான் சொல்கிறது. ஒன்று மறக்காதே, எனக்கும் விளக்கை அந்த இடத்தில்தான் வைப்பார்கள். அது அணைந்த பிறகு நீ பூசிக்கொள், ஒரு கல்லுக்கு ஆகிற மட்டும் டின்னில் மிச்சம் வைத்திருக்கிறேன்.

உன்னைப் பெற்றவள்,
செல்வாம்பாள்