வல்லைவெளியில் நிற்கும் பிக்கப்

தம்பி நல்லையா, சட்டையைக் கழற்றிவிட்டுக் கிட்ட வந்து இரு. அம்மா உனக்கு ஒரு கதை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

ஒருவனிடம் ஓடிக் களைத்த பிக்கப் ஒன்று இருந்தது. பக்கத்துச் சந்தைக்கு ஒழுங்காக ஓடும். பெண்சாதியை ஏற்றிக்கொண்டு உடுப்பிட்டியில் அவள் தாய்வீட்டுக்குப் போனால் மட்டும் வழியில், ஆளரவமில்லாத வல்லைவெளியில் நின்றுவிடும். பிளக்கை மாற்றினான், காபரேற்றரைக் கழுவினான். கடைசியில், "இறங்கடி, எல்லாம் உன்ரை ராசிதான்" என்று அவளை இறக்கினான். பிறகு பெற்றோல் இருக்கிறதா என்று தாங்கியின் மூடியைத் திறந்து தடி விட்டுப் பார்த்தான். பிக்கப் உடனே ஸ்டார்ட் ஆனது. "பாத்தியே!" என்று அவளை நடுவெயிலில் விட்டுவிட்டு வந்து, தாயிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

அந்தப் புத்திசாலி நீதான். பெற்றோல் களவுக்குப் பயந்து மூடியைச் சுற்றிச் சைக்கிள் ரியூப் ரப்பரை இறுக்கிக் கட்டினாய். மூடியிலிருந்த காற்றுத் துளை அடைபட்டது. இன்று நான் அந்த ரப்பரை உருவினேன், பெற்றோல் தாங்கி 'உஸ்' என்று மூச்சிழுத்தது. தூரம் ஓடினால் மூச்சு முட்டாதா? அன்று அது ஸ்டார்ட் ஆனது நீ மூடியைத் திறந்ததால், அவள் இறங்கியதால் அல்ல. பால் வடிய ஒன்று, காற்றுப் போக ஒன்று என்று ரின்பால் பேணிக்கு இரண்டு துளை வேண்டுமென்று உன் பெண்சாதி கமலாவதிக்குத் தெரியும். உனக்குத் தெரியவில்லை.

நான் பஸ்ஸில் அவளிடம் போகிறேன். அவள் வந்தால்தான் நானும் வருவேன்.

சோறு மூடியிருக்கிறது. குழம்புக்கு உப்புப் போட மனம் வரவில்லை.

மறந்துவிட்டேன்: பிக்கப் இனி நிற்காது. ஆனாலும் அதை வல்லையில் நிறுத்திவிட்டு, அவள் நடந்த தூரத்தை மத்தியான வெயிலில் நடந்து வா. அவள் தாய்வீட்டு வாசல் படலை உனக்குத் திறக்குமோ தெரியாது.

இந்த வீடு பிள்ளை குட்டிகளோடு நிறைந்து வாழட்டும், ராசா. அதுவரை பூனைக்குச் சோறு வை.